காலநிலை மாற்றக் கட்டுரைகளில் புதிய தொகுப்பாளர்கள் எங்கே கை வைப்பது?

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விக்கிப்பீடியாவில் எழுத்துப் பிழை திருத்துவது, உள்ளிணைப்பு இடுவது, பகுப்புச் சேர்ப்பது போன்ற சிறு பணிகளைச் சில காலமாகச் செய்து வருகிறேன். அடுத்ததாகக் காலநிலை மாற்றம் தொடர்பான கட்டுரைகளில் உள்ளடக்கம் சேர்க்க விரும்புகிறேன். ஆனால் முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். 2024-ஆம் ஆண்டு எவ்வளவு வெப்பமாக இருந்தது என்று எழுதப் போனால், உலக வானிலை அமைப்பு 1.55 டிகிரி செல்சியஸ் உயர்வு என்கிறது, நாசா 1.28 என்கிறது, ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் காலநிலைச் சேவை ஓரிடத்தில் 1.60 என்றும் இன்னோரிடத்தில் 0.72 என்றும் தருகிறது. எல்லாமே நம்பத்தகுந்த நிறுவனங்கள். இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது? தொகுப்போர் கலந்துரையாடும் பேச்சுப் பக்கத்தில் கேட்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வி பொதுவானது. காலநிலை போன்ற சர்ச்சை நிறைந்த துறைக்குப் புதியவர்கள் உடனே வரக் கூடாது, ஊர்கள், தாவரங்கள், பறவைகள் என்று எழுதிக் கை பழகிய பிறகு வரலாம் என்று மூத்த பயனர் ஒருவர் அறிவுரை கூறினார். அது சரிதானா?

பழந்தொகுப்பு எழுதியது:

நீலவானம் அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு இங்கே ஆளுக்கொரு கருத்து வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீங்கள் தந்த நான்கு எண்களும் சரியானவை. "உயர்வு" என்று சொன்னால் எதைவிட உயர்வு என்ற கேள்வி கூடவே வருகிறது. அந்த விடை ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு. நாசாவின் 1.28 என்பது 1951 முதல் 1980 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. கோப்பர்நிகஸின் 0.72 என்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது. அடிப்படைக் காலமே ஏற்கெனவே வெப்பமடைந்துவிட்ட காலம் என்பதால் எண் சிறிதாகத் தெரிகிறது. அதே சேவையின் 1.60, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்குப் பதிலியாகக் கொள்ளப்படும் 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டது. உலக வானிலை அமைப்பின் 1.55 என்பதும் 1850–1900 காலத்தை வைத்தே சொல்லப்பட்டது. ஆனால் அது ஆறு தரவுத் தொகுதிகளை ஒன்றுசேர்த்துப் பெற்றது, அதனுடன் கூட்டல் கழித்தல் 0.13 என்ற பிழை வரம்பும் உண்டு. நாசாவின் தரவையே 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1.47 வரும். ஆகவே அடிப்படைக் காலத்தை ஒன்றாக்கிய பிறகு எஞ்சும் வேறுபாடு சிறியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவீடுகள் அரிதாக இருந்த கடற்பரப்புகளையும் துருவப் பகுதிகளையும் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு முறையில் நிரப்பிக் கணிப்பதால் அந்த வேறுபாடு எழுகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "உலக வானிலை அமைப்பு ஆறு தரவுத் தொகுதிகளை ஒருங்கிணைத்துக் கணித்தபடி, 2024-ஆம் ஆண்டில் புவி மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை 1850–1900 காலச் சராசரியைவிட 1.55 (±0.13) டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தது." யார் கணித்தது, எந்த ஆண்டு, எதோடு ஒப்பிட்டது, எவ்வளவு உறுதி என்ற நான்கும் அதில் உள்ளன. இந்த நான்கில் ஒன்று உதிர்ந்தாலும், அடுத்து வரும் நல்லெண்ணம் மிக்க ஒருவர் வேறோர் எண்ணைப் பார்த்துவிட்டு "திருத்தம்" செய்வார். அவருக்குப் பின் வருபவர் அதை மீள்விப்பார், அதாவது பழைய நிலைக்கே மாற்றுவார். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் இத்தகைய ஊசலாட்டங்களை நீங்களே காணலாம். பெரும்பாலானவற்றில் இரு தரப்பினரிடமும் சான்று இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1.55 என்ற எண்ணைப் பார்த்தவுடன், "பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி எல்லை தாண்டப்பட்டுவிட்டது" என்று அடுத்த வாக்கியத்தை எழுதக் கை துடிக்கும். 2015 டிசம்பரில் ஏற்கப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் எல்லை, நீண்ட காலச் சராசரியைக் குறிப்பதாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஓர் ஆண்டின் அளவு அதைத் தீர்மானிக்காது. ஒப்பீட்டுக்கு, ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை 2011–2020 பத்தாண்டுக்குத் தரும் உயர்வு 1.09 டிகிரி, அதன் வரம்பு 0.95 முதல் 1.20 வரை. இரண்டு எண்களையும் நீங்கள் எழுதலாம். ஆனால் அவற்றை இணைத்து மூலத்தில் இல்லாத முடிவொன்றை நீங்களே எட்டக் கூடாது. அதைத்தான் சொந்த ஆய்வு என்கிறோம். புதியவர்களின் தொகுப்புகள் நீக்கப்படும்போது காரணமாகச் சுட்டப்படுவதில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

கரிச்சுழல் எழுதியது:

மூத்த பயனரின் அறிவுரையோடு நான் உடன்படவில்லை. அவர் அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் காலநிலைக் கட்டுரைகளைச் சுற்றி நடந்த பூசல் 2010-இல் நடுவர் குழு வரை சென்றது. பலருக்கு அந்தத் துறையில் தொகுக்கத் தடை விதிக்கப்பட்டது. இன்றும் அங்கே அது சிறப்புக் கவனத்துக்குரிய துறைகளுள் ஒன்றாக உள்ளது. அதிகம் பார்க்கப்படும் சில கட்டுரைகளுக்குக் காப்பு இடப்பட்டிருக்கும், அதாவது எல்லோரும் தொகுக்க முடியாது. அங்கே பாதிக் காப்பு இட்ட பக்கம் என்றால் கணக்கு 4 நாள் பழையதாகவும் 10 தொகுப்புகள் கொண்டதாகவும் இருந்தால் போதும். காப்பின் நிலை கூடினால் 30 நாளும் 500 தொகுப்புகளும் வேண்டும். அவற்றை எட்டாதவர்கூடப் பேச்சுப் பக்கத்தில் இந்த வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள், சான்று இது என்று கோரிக்கை வைக்கலாம்.

ஆனால் சர்ச்சை எல்லாம் ஒரு கைப்பிடிக் கட்டுரைகளைச் சுற்றித்தான். நிரந்தர உறைமண், மீத்தேன் உமிழ்வு, அலையாத்திக் காடுகளின் கரிமச் சேமிப்பு, வெப்ப ஏற்றிகள் (வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் கருவிகள்), கடல் மட்டத்தை அளக்கும் கருவிகள் ஆகியவை பற்றிய கட்டுரைகளில் சண்டை போடக்கூட ஆளில்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய குறுங்கட்டுரை அப்படியே கிடக்கிறது. அங்கே நிபுணர் தேவை என்பதைவிட, பொறுமையாகச் சரிபார்க்கும் ஒருவர் தேவை என்பேன்.

எவ்வகைச் சரிபார்ப்பு என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஒரு நாட்டின் அல்லது உலகின் உமிழ்வைச் சில அறிக்கைகள் கார்பன் அளவாகவும், வேறு சில கார்பன் டை ஆக்சைடு அளவாகவும் தருகின்றன. கார்பனின் அணு நிறை 12, கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. ஆகவே ஒரு டன் கார்பன் என்பது ஏறத்தாழ 3.67 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருவது கார்பன் கணக்கில் சுமார் 10 பில்லியன் டன், கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 37 பில்லியன் டன். ஒரே பட்டியலில் ஒரு வரி இந்த அலகிலும் அடுத்த வரி அந்த அலகிலும் இருந்தால், ஏதோ ஒரு நாடு தன் உமிழ்வைத் திடீரென்று கால்வாசியாகக் குறைத்துவிட்டது போலத் தோன்றும். நம் கட்டுரைகளில் இன்னொரு படியும் கூடுகிறது: பில்லியனைக் கோடியாக மாற்றும்போது ஒரு சுழியம் தவறிவிடும். 37 பில்லியன் என்பது 3,700 கோடி. 370 கோடி அன்று. இதைப் பிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை, கணிப்பானும் மூல அறிக்கையும் போதும்.

எங்கே தொடங்கக் கூடாது என்று கேட்டால், முன்னுரைப் பத்தியில் தொடங்காதீர்கள் என்பேன். முன்னுரை என்பது கீழே உள்ள உடற்பகுதியின் சுருக்கம். உடற்பகுதியில் இல்லாத ஒன்றை முன்னுரையில் சேர்த்தால், தகவல் சரியாக இருந்தாலும் அது நீக்கப்படும். நீக்கியவர் மீது கோபமும் வரும். உரிய துணைத்தலைப்பின் கீழ் சான்றோடு எழுதுங்கள். அது நிலைத்த பிறகு முன்னுரைக்குத் தேவையா என்று பார்க்கலாம்.

நடுக்கோடு எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. நடுநிலை நோக்கு என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கை என்கிறோம். ஆனால் மனிதச் செயல்களே வெப்பமாதலுக்குக் காரணம் என்பதைக் கட்டுரைகள் உறுதிபட எழுதுகின்றன. மறுப்பவர்களின் வாதத்துக்கு அதே அளவு இடம் தருவதில்லை. அறிவியலில் மாற்றுக் கருத்து என்பதே இல்லையா? புதியவர் ஒருவர் இரு தரப்பையும் சமமாக எழுதினால் அவரைத் தவறு செய்தவராகக் கருதுவது முறையா? நான் எந்தத் தரப்புக்காகவும் வாதாட வரவில்லை. கொள்கையின் பொருள் என்ன என்று அறிய விரும்புகிறேன்.

பழந்தொகுப்பு எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். நடுநிலை என்பது தரப்புகளை எண்ணிச் சமமாகப் பங்கிடுவது அன்று. நம்பகமான மூலங்களில் ஒரு கருத்துக்கு என்ன எடை இருக்கிறதோ அதே எடையைக் கட்டுரையிலும் தருவது. மனிதத் தாக்கம் வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியுள்ளது என்பதை ஐபிசிசி 2021-இல் ஐயத்துக்கு இடமற்றது என்று எழுதியது. அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, சக ஆய்வாளர்களால் மதிப்பிடப்பட்ட கட்டுரைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேலானவை இதில் ஒத்துப்போவதாகக் கண்டது. இந்த நிலையில் மறுப்புக்குப் பாதி இடம் கொடுத்தால், மூலங்களில் இல்லாத ஒரு சமநிலையை நாமே உருவாக்கியவர்கள் ஆவோம். மறுப்பின் வரலாறும் அரசியலும் தனிக் கட்டுரைக்கு உரியவை. அங்கே விரிவாக எழுதத் தடையில்லை.

உண்மையான கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறதோ, அங்கே அதை எழுதியே ஆக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு செறிவு இரட்டித்தால் இறுதியில் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதற்கு ஐபிசிசியின் 2013 அறிக்கை தந்த வரம்பு 1.5 முதல் 4.5 டிகிரி, 2021 அறிக்கை அதை 2.5 முதல் 4 ஆகக் குறுக்கி, சிறந்த மதிப்பீடாக 3 டிகிரியைத் தந்தது. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதே இங்கு முதன்மையான சிக்கல். இதைச் சொல்லும் கட்டுரையில் 3 என்று மட்டும் எழுதிவிட்டு வரம்பை விட்டுவிடுவது நடுநிலை மீறல் என்று நான் கருதுகிறேன், அதைச் செய்தவர் எந்தத் தரப்பினராக இருந்தாலும் சரி.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான நீரை வடக்கே கொண்டுசெல்லும் அட்லாண்டிக் பெருங்கடலின் பெருஞ்சுழற்சி நின்றுபோகக்கூடும் என்று 2023 ஜூலையில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உமிழ்வு இப்போதுபோலத் தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது நிகழலாம் என்றும், 95 விழுக்காட்டு நம்பக வரம்பு 2025 முதல் 2095 வரை என்றும் அது மதிப்பிட்டது. செய்தித் தலைப்புகளுக்கு அந்த வரம்பின் முதல் எண்ணே போதுமானதாக இருந்தது. தலைப்பை மட்டும் படித்த ஒருவர், "2025-இல் கடல் நீரோட்டம் நின்றுவிடும்" என்று கட்டுரையில் எழுதினால், சான்று இணைத்திருந்தும் அது தவறான தகவலே. ஐபிசிசியின் ஆறாவது அறிக்கையோ, இந்த நூற்றாண்டில் சுழற்சி வலுவிழக்க வாய்ப்பு மிக அதிகம் என்றும், 2100-க்கு முன் திடீரென்று முற்றிலும் நின்றுபோகாது என்பதில் நடுத்தர அளவிலான நம்பிக்கை உண்டு என்றும் கூறியது. கட்டுரையில் மதிப்பீட்டறிக்கையின் நிலை முதலில் வர வேண்டும். தனி ஆய்வு, "2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு" என்ற அடையாளத்தோடு, அதன் முழு வரம்போடு, பிற அறிவியலாளர்கள் அதன் முறை குறித்து எழுப்பிய வினாக்களோடு பின்னால் வர வேண்டும். நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சீர்தூக்கிய அறிக்கையையும் நேற்று வந்த ஓர் ஆய்வையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நடுக்கோடு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, எடை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஒரு குறை எஞ்சுகிறது. நம் கட்டுரைகள் பலவற்றில் "பேரழிவு", "பயங்கரமான", "மனித குலமே அழியும்" போன்ற தொடர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. மறுப்பவர்களிடம் கேட்கும் சான்றை இவற்றுக்கும் கேட்க வேண்டாமா?

கரிச்சுழல் எழுதியது:

கட்டாயம் கேட்க வேண்டும். இதில் நான் முழுமையாக உங்கள் பக்கம். அச்சமூட்டும் பெயரடைகளை நீக்குவது புதியவர்களுக்கு மிகவும் ஏற்ற பணி. "மேற்கோள் தேவை" என்ற வார்ப்புருவை (ஆயத்தக் குறிப்பை) இட்டுவிட்டுக் காத்திருக்கவும் செய்யலாம்.

கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது; அந்நாட்டில் அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக உயர்ந்தது. மறுநாள் தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. உலக வானிலைக் காரணமறி ஆய்வுக் குழு, மனிதரால் நேர்ந்த காலநிலை மாற்றம் இல்லாவிடில் அத்தகைய வெப்ப அலை ஏற்பட்டிருக்க வாய்ப்பே இல்லை எனலாம் என்று கூறியது. இந்த மூன்று உண்மைகளையும் ஒட்டி, "காலநிலை மாற்றம் லிட்டனை எரித்தது" என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த ஆய்வு வெப்ப அலையைப் பற்றியது. தீ எப்படிப் பற்றியது என்பதைப் பற்றியது அன்று. மூலம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் நம் வாக்கியமும் நிற்க வேண்டும். அப்படி எழுதிய பத்தி சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் 49.6 என்ற எண்ணுக்குப் பெயரடையின் துணை எதற்கு?

ஓடைக்கரை எழுதியது:

கொள்கை பற்றிப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். நான் நடைமுறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலில் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சேமிக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தைக் காலியாக விடாதீர்கள். "அடிப்படைக் காலம் சேர்க்கப்பட்டது, சான்று இணைப்பு" என்ற ஒரு வரி, அண்மைய மாற்றங்களைக் கவனிப்பவரின் ஐயத்தைப் பாதி தீர்த்துவிடும். உங்கள் தொகுப்பு மீள்விக்கப்பட்டால் உடனே மீண்டும் இடாமல் பேச்சுப் பக்கத்துக்குச் செல்லுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீள்வித்தால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தடை வரும்.

ஐபிசிசியின் வரைபடங்களை எடுத்துப் பதிவேற்றாதீர்கள். அவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. நாசாவின் படங்கள் பெரும்பாலும் பொதுக்களத்தில் உள்ளன. காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் உருவாக்கிய, ஒவ்வோர் ஆண்டின் வெப்பநிலையையும் ஒரு நிறக்கோடாகக் காட்டும் வெப்பக் கோடுகளைப் படைப்பாளரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

சான்றிணைப்போடு, அந்தப் பக்கத்தின் சேமித்த நகலான காப்பகப் படியையும் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் தேசியக் காலநிலை மதிப்பீடுகளை வைத்திருந்த அரசு இணையதளம் 2025-இன் நடுவில் அணைந்தது. அதை நம்பி இடப்பட்ட சான்றுகள் ஒரே நாளில் செத்த இணைப்புகளாயின. காப்பகப் படி இருந்த இடங்களில் கட்டுரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பத்தி எழுதி வாங்கி ஒட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். அது தரும் சான்றுகளில் இல்லாத கட்டுரைகள் இருக்கும். இருக்கும் கட்டுரையில் இல்லாத எண் இருக்கும். சான்றைத் திறந்து நீங்களே படித்திராவிட்டால் அதை இணைக்காதீர்கள். ஆற்றல் நிறுவனம் எதிலேனும் ஊதியம் பெற்றுக்கொண்டு தொகுப்பவர் அதை அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் பயன்பாட்டு விதிகளில் உள்ளது என்பதையும் சொல்லிவைக்கிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை.

நீலவானம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. முன்னுரையைத் தொடாமல், கடல் மட்ட உயர்வு பற்றிய குறுங்கட்டுரையில் தொடங்க முடிவு செய்துள்ளேன். மணல்தொட்டியில் எழுதிய வாக்கியம் இது: "உலகச் சராசரிக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை 0.20 மீட்டர் உயர்ந்துள்ளது. தற்போது அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்து வருகிறது." சான்று, ஐபிசிசி ஆறாவது அறிக்கையில் அறிவியல் அடிப்படையை ஆராயும் முதல் பணிக்குழுவின் பகுதி. இதில் என்ன குறை?

கரிச்சுழல் எழுதியது:

நல்ல தேர்வு. முதல் பாதியில் 0.15 முதல் 0.25 மீட்டர் என்ற வரம்பைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் பாதியில் "தற்போது" என்ற சொல் நிற்காது, 3.7 மில்லிமீட்டர் என்பது 2006–2018 காலத்துக்குரிய வேகம். பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கு "தற்போது" என்பது எந்த ஆண்டு என்று எப்படித் தெரியும்? அதோடு, வேகத்தைத் தனியாகச் சொன்னால் அது கூடுகிறதா குறைகிறதா என்பது விளங்காது. அதே அறிக்கை 1901–1971 காலத்துக்கு ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் என்று தருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். "மூன்று மடங்கு" என்று நீங்கள் கணக்கிட்டு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எளிய வகுத்தல் சொந்த ஆய்வாகாது என்று பழந்தொகுப்பு அவர்கள் வாதிடக்கூடும், அதை அந்தப் பேச்சுப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

சான்றில் அறிக்கையின் பெயரை மட்டும் இட்டால் போதாது. முதல் பணிக்குழுவின் அறிக்கை ஈராயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும். சரிபார்க்க வருபவர் அதற்குள் எங்கே தேடுவார்? கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்றால் அதில் உள்ள பத்தி எண்ணையும், ஒன்பதாம் இயலிலிருந்து எடுத்தீர்கள் என்றால் பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். கட்டுரையை என் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் சேமித்த பிறகு, 1993 முதல் உள்ள செயற்கைக்கோள் அளவீடுகளுக்கென ஒரு துணைத்தலைப்பை நான் தொடங்குகிறேன். கரையோர அளவுகோல்களின் பழைய பதிவுகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.